பற்றரி கழற்றக்கூடாத கீபோட்

எனது ரேடியோ திருத்தும் கடையை இப்போது நடத்துகிறவர்கள் போன மாதம் ஒரு கேள்வி கேட்டார்கள். இன்று பாட்டு வாசிக்கிற கீபோட்டைக் கணினியோடு இணைப்பதென்றால் ஒரு வயரைக் குத்தினால் முடிந்தது. கைத்தொலைபேசியிலேயே வீட்டுக்குள் இருந்து முழுப் பாட்டையும் பதிவு செய்கிறார்கள். "ஐயா, உங்கட பழைய வேலைக் கொப்பியில ஒரு கீபோட்டுக்கு மூண்டு நாள் எண்டு எழுதிக் கிடக்கு. மூண்டு நாளும் என்ன செய்தனீங்கள்?" என்றார்கள். அன்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய கதையல்ல அது.

நான் யாழ்ப்பாணத்துக்கு அருகே, வேலணைத் தீவில் சரவணை என்ற ஊரைச் சேர்ந்தவன். அப்பாவுக்குத் தெற்கில் ஒரு பட்டணத்தில் பலசரக்குக் கடை இருந்தது. பக்கத்துக் கடை ரேடியோ திருத்துகிறவரிடம் வயர்களை ஈயம் வைத்து ஒட்டப் பழகினேன். தெருவில் சிங்களம் பழகினேன். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்தோம். பிறகு யாழ்ப்பாணப் பட்டணத்தில் ரேடியோ திருத்துகிற கனகு அண்ணையிடம் வேலைக்குச் சேர்ந்தேன். இடம்பெயர்ந்து, அலைந்து, தொண்ணூற்றாறுக்குப் பிறகு தீவுக்குச் சனம் திரும்பத் தொடங்கியபோது அவர் வேலணை வங்களாவடிச் சந்தியில் கடை திறந்தார். நானும் அவரோடு வந்துவிட்டேன்.

கனகு அண்ணையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் யாரையும் நம்பமாட்டார். யாராவது ஒரு ரேடியோவைக் கொண்டுவந்தால் கையில் வாங்க முன்பே, "இதை முதல் திறந்தது ஆர்?" என்று கேட்பார். ஒருவரும் திறக்கவில்லை என்பார்கள். அவர் அதைப் புரட்டித் திருகாணிகளின் தலையை வெளிச்சத்தில் பார்ப்பார். தலை தேய்ந்திருந்தால் பொருளையும் ஆளையும் மாறிமாறிப் பார்ப்பார். மூடியைத் திறந்ததும் முதலில் மணந்து பார்ப்பார். பிறகுதான் மின்சாரம் அளக்கிற மீற்றரை எடுப்பார். குரலை உயர்த்தி ஒரு நாளும் நான் கேட்டதில்லை. நான் பிழை விட்டால் வேலையை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அது ஏச்சைவிட மோசம்.

இரண்டாயிரத்து மூன்றில், போர்நிறுத்தத்தில் கொழும்புப் பாதை திறந்திருந்த நாட்களில், கிறிஸ்தவக் கோயில் ஒன்றின் பாடகர் குழுவுக்குக் கீபோட்டும் பழைய கணினி ஒன்றும் வந்தன. இரண்டையும் இணைத்துத் தர வேண்டும் என்றார்கள். அதற்கென்று ஒரு வயர் இருந்தது. 'மிடி' வயர் என்பார்கள். அதனுள் சத்தம் போகாது. எந்தக் கட்டையை எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் அழுத்தினார்கள் என்ற செய்தி மட்டுமே போகும். ஒரு முனை கணினிக்குப் பின்னால் பூட்டுவது. மறு முனையில் ஐந்து ஊசி வைத்த இரண்டு வட்டப் பிளக்குகள். ஒன்றில் 'இன்' என்றும் மற்றதில் 'அவுட்' என்றும் எழுதியிருந்தது. கீபோட்டின் பின்புறத்திலும் அதே இரண்டு சொற்கள். 'இன்'னை 'இன்'னிலும் 'அவுட்'டை 'அவுட்'டிலும் குத்தினேன். கணினி அசையவில்லை. வயரைச் சந்தேகித்தேன், கணினியைச் சந்தேகித்தேன், அதைத் தந்தவரையும் சந்தேகித்தேன். மூன்றாம் நாள் கனகு அண்ணை வந்து பிளக்கைத் திருப்பிப் பார்த்தார்.

"சிவம், உந்தப் பிளக்கில எழுதியிருக்கிறது ஆற்ற கதை? கீபோட்டின்ர கதையோ, கொம்பியூட்டரின்ர கதையோ?"

நான் பிளக்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

"கொம்பியூட்டருக்கு உள்ள வாறது கீபோட்டில இருந்து வெளிய போறது. மாத்திக் குத்தும்."

மாற்றிக் குத்தினேன். திரையில் கோடுகள் ஓடின. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இரண்டாயிரத்து ஐந்தில் அவர் மகளோடு கொழும்புக்குப் போனார். கடை எனக்கு வந்தது. அடுத்த வருடம் மீண்டும் சண்டை மூண்டு பாதை பூட்டப்பட்டது.

றெஜினா என்ற பெண் கடைக்கு வந்தது இரண்டாயிரத்து ஏழில். மெலிஞ்சிமுனைப் பக்கம், கடற்றொழில் செய்கிற குடும்பம். முப்பத்தைந்து வயது இருக்கும். கடையில் வேறொருவர் நின்றதால் அவர் போகும்வரை வெளியே வெயிலில் நின்றார். பிறகு வந்து, உள்ளறையில் யாரும் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, கோயிலுக்குக் கொம்பியூட்டரில கீபோட் பூட்டிக் குடுத்தது நீங்கள்தானே?"

"ஓம்."

"கீபோட்டுக்குள்ள கிடக்கிற பாட்டை வெளியில எடுக்க ஏலுமோ?"

கணவர் யேசுராசன் கோயிலில் கீபோட் வாசித்தவர். பிரான்ஸில் இருக்கும் அண்ணன் அனுப்பிய கீபோட். தான் வாசித்த நான்கு பாட்டுகளை அவர் அதன் நினைவிலேயே பதிந்து வைத்திருந்தார். போன வருடம் ஒரு காலை கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. வள்ளமும் வரவில்லை. றெஜினா போகாத அலுவலகம் இல்லை, கொடுக்காத மனு இல்லை. விசாரித்துச் சொல்கிறோம் என்று வந்தவர்கள் சிலர் அவரிடமிருந்து காசு வாங்கிக்கொண்டு போனார்களே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

"பற்றரியைக் கழட்டினால் எல்லாம் அழிஞ்சு போகுமெண்டு அவர் சொன்னவர். அவர் போட்ட பற்றரிதான் இப்பவும் கிடக்கு. முந்தநாள் போட்டுப் பாத்தன். வெளிச்சம் மங்கிப் போச்சு."

நிலைமை விளங்கியது. அந்தக் கீபோட்டில் ஆறு பெரிய பற்றரிகள். அவையோ மின்சாரமோ ஏதாவது ஒன்று இருந்தால்தான் நினைவு நிற்கும். அவர்களுடைய ஒழுங்கை வீடுகளுக்கு மின்சாரம் வரவில்லை. கணினியை அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை. மோட்டார் சைக்கிள் பற்றரியில் வயரைப் பூட்டி அவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நாளில் பற்றரியும் வயரும் என்றால் குண்டுதான்; அதோடு ஒருவன் இராணுவச் சோதனைச் சாவடியைக் கடப்பதைவிட, தானே போய்ச் சிறையில் இருப்பது சுகம். கீபோட் இங்கே வர வேண்டும், பற்றரியோடு.

"நான் ஆளை விட்டு எடுப்பிக்கிறன்" என்றேன்.

"இல்லை. நானும் கூட வருவன். வேலை செய்யேக்கையும் பக்கத்தில இருப்பன்." சற்றுப் பொறுத்து, "உங்களுக்கு இதில என்ன?" என்று கேட்டார்.

"எனக்கு இது வேலை, தங்கச்சி."

அந்தப் பதிலை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் விரித்த சேலையின்மேல் கீபோட் கிடந்தது. பழக்கதோஷத்தில் மெல்லப் புரட்டிப் பார்த்தேன். அடியில் இருந்த திருகாணிகளில் ஒன்று மட்டும் வேறு நிறம்.

"இதை முதல் திறந்தது ஆர்?"

"தெரியாது" என்றார். கேள்வி முடிய முன்பே வந்த பதில்.

யாரோ திறந்து மூடிய ஒரு பெட்டி. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கலாம். அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். அங்கேயே திறந்து பார்க்கலாமென்றால், மூடியோடு சேர்ந்துதான் பற்றரி வயர் வரும். உப்புக்காற்றில் அரித்த வயர் அறுந்தால் நான்கு பாட்டும் போய்விடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. கீபோட்டைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு பேருந்தில் ஏறினோம். வழி முழுவதும் நான் அவரைக் கடைக்கண்ணால் பார்த்தபடி வந்தேன். அவர் என்னைப் பார்த்தபடி வந்தார்.

சாவடியில் எல்லோரும் இறங்கி வரிசையில் நடந்தோம். விரிப்பை அவிழ்க்கச் சொன்னார்கள். ஒரு சிப்பாய் கீபோட்டைப் புரட்டிப் பற்றரி மூடியில் நகத்தை வைத்தான். நான் சிங்களத்தில், "தயவுசெய்து அதைத் திறக்க வேண்டாம்" என்றேன்.

சொல்லியிருக்கக்கூடாத வார்த்தை அது. வரிசை நின்றது. பேருந்து எங்களை விட்டுவிட்டுப் போனது. எங்கள் இருவரையும் பின்னால் இருந்த கொட்டிலுக்குக் கொண்டுபோனார்கள்.

அதிகாரி நாற்பது வயது கடந்தவர். மேசையில் கீபோட்டை வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எனக்குச் சிங்களம் எப்படித் தெரியும் என்று முதலில் கேட்டார். சொன்னேன். சிங்களம் சில இடங்களில் எனக்கு உதவியிருக்கிறது. சில இடங்களில் அதுவே குற்றமாகியிருக்கிறது. அன்று எது என்று தெரியவில்லை.

"பற்றரியை எடுத்தால் பாட்டு அழியும் என்கிறாய். யாருடைய பாட்டு?"

"இவவுடைய கணவர் வாசித்தது."

"அவர் எங்கே?"

"கடலுக்குப் போனார். திரும்பவில்லை."

"பெயர்?"

நான் தயங்கினேன். தயங்குவதை அவர் கவனிப்பதைக் கண்டேன். சொன்னேன். அவர் ஒரு தாளில் எழுதினார். எங்கள் பேச்சில் ஒரு சொல்லும் விளங்காமல் நின்ற றெஜினாவுக்கு அந்தப் பெயர் மட்டும் விளங்கியது. அவர் முகம் எப்படி மாறியது என்பதை நான் மறக்கவில்லை.

"பற்றரியையும் பார்க்க வேண்டும், உள்ளேயும் பார்க்க வேண்டும்" என்றார் அதிகாரி. "இந்தத் திருகாணி புதியது." அவரும் கண்டுவிட்டார்.

கொட்டிலில் ஒரு மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. ஜெனரேட்டர் மின்சாரம். என் பையில் அடப்டர் இருந்தது. அதைக் குத்த அனுமதி கேட்டேன்; மின்சாரம் கொடுத்தபின் பற்றரியைத் தாராளமாக எடுக்கலாம் என்று விளக்கினேன். அவர் யோசித்தார். ஒரு சிப்பாயைக் கதவடியில் நிற்கச் சொல்லிவிட்டுச் சம்மதித்தார்.

முதலில் மீற்றரை வைத்து அடப்டரை அளந்தேன். சற்றுக் கூடவே காட்டியது. சுமை இல்லாதபோது அது வழமை. பிறகு பிளக்கின் நடு முனை எது, வெளி முனை எது என்று பார்த்து, கீபோட்டின் பின்னால் போட்டிருந்த படத்தோடு ஒப்பிட்டேன். மாறிக் குத்தினால் நினைவு மட்டுமல்ல, கீபோட்டே போய்விடும். இரண்டாம் முறையும் ஒப்பிட்டேன். குத்தினேன். சுவிட்சைப் போட்டபோது சிறு திரையில் வெளிச்சம் பளிச்சென்று வந்தது. அதன்பிறகு பற்றரிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன். சிப்பாய் ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பாரம் பார்த்தான். ஆறாவதை எடுக்கும்போது விசிறி ஒரு கணம் தளர்ந்தது. திரை மங்கி மீண்டது.

பிறகு அடிமூடி. ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினேன். அந்த வேற்று நிறத் திருகாணியைக் கடைசியில் கழற்றினேன். மூடியைத் தூக்கினேன்.

உள்ளே தூசி. உப்புப் பூத்த தகடு. ஒரு கட்டையின் கீழ் மட்டும் அரித்த தடத்துக்கு மேலாக மெல்லிய செப்புக் கம்பி ஒன்று வைத்து ஈயம் ஒட்டியிருந்தது. நடுங்காத கையால் செய்த வேலை.

"அவர்தான் திறந்தது" என்றார் றெஜினா. "ஒரு கட்டை சத்தம் போடேல்லை. திறந்தனாங்கள் எண்டு சொன்னால் நீங்கள் கொண்டுவர மாட்டியள் எண்டு நினைச்சன்."

அதைச் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி கம்பியைக் குனிந்து பார்த்தார். மூடச் சொன்னார். மூடி நிமிர்த்தி வைத்ததும், "பாட்டு இருக்கிறதென்றால் கேட்போம்" என்று தானே பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனார். அது பாட்டைப் போடுகிற பொத்தான் அல்ல. அதற்குப் பக்கத்தில் இருந்த சிவப்புப் பொத்தான், புதிதாகப் பதிவு செய்கிற பொத்தான்.

"வேண்டாம்!" என்று தமிழில் கத்திவிட்டேன்.

கதவடியில் நின்றவன் துப்பாக்கியை உயர்த்தினான். அதிகாரியின் விரல் அந்தரத்தில் நின்றது. நான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு சிங்களத்தில், "பக்கத்துப் பொத்தான், ஐயா. அது அழிக்கிறது" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பொத்தானைப் பார்த்தார். பிறகு மெல்ல விரலை நகர்த்திப் பக்கத்துப் பொத்தானை அழுத்தினார்.

கோயில் பாட்டொன்று வந்தது. பாதிவரை கேட்டார். நிறுத்திவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். பெயர் எழுதிய தாள் மேசையிலேயே இருந்தது.

பற்றரிகளைத் திரும்பப் போட்டு, அடப்டரைக் கழற்றி, வங்களாவடி வரைக்கும் வெயிலில் கீபோட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். வழியில் றெஜினா என்னைக் கேட்டார்.

"அவற்ற பேரை ஏன் சொன்னனீங்கள்?"

"கேட்டாங்கள், தங்கச்சி. சொல்லாட்டி விட்டிருக்க மாட்டாங்கள்."

"வேற என்ன கதைச்சனீங்கள்?"

எல்லாவற்றையும் சொன்னேன். "அவ்வளவுதானோ?" என்றார்.

கடையில் கணினியை இயக்கி, 'மிடி' வயரைச் சரியாகவே குத்தினேன். கீபோட்டில் பாட்டைப் போட்டேன். பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டது. திரையில் ஒரு கோடுகூட இல்லை. நான் கட்டையை அழுத்தினால் கோடு வருகிறது. பதிந்த பாட்டு மட்டும் வரவில்லை. கீபோட்டோடு வந்த கைநூல் பிரெஞ்சு மொழியில் இருந்தது. விளங்காத சொல்லைக் கொண்ட பொத்தானை அழுத்த எனக்குத் துணிவில்லை. அதில் ஏதோ ஒன்று எல்லாவற்றையும் அழிப்பது என்பது மட்டும் நிச்சயம்.

தொலைபேசிக் கடைக்குப் போய்க் கொழும்பில் இருந்த கனகு அண்ணைக்கு அழைப்பெடுத்தேன். வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி பேச வேண்டியிருந்தது. ஆகவே பெயர், ஊர் ஒன்றும் சொல்லவில்லை.

"முதல் சத்தத்தைப் பிடியும்" என்றார். "ஹெட்போன் துவாரத்தில இருந்து சாதாரண வயர். என்ன இரைச்சல் வந்தாலும் பரவாயில்லை, பிடிச்சு வையும். பிறகு உம்மட கெட்டித்தனத்தைக் காட்டும்."

அப்படியே செய்தேன். மின்சார இரைச்சலோடு நான்கு பாட்டுகளும் கணினிக்குள் வந்தன. அன்று பின்னேரம் மின்சாரம் நின்றது. கீபோட்டைக் கடையில் விட்டுவிட்டுப் போகும்படி றெஜினாவிடம் சொன்னேன். அவர் தன் சித்தி வீட்டில் தங்கி, மறுநாள் நான் வர முன்பே வாசலில் நின்றார்.

இரண்டாம் நாள் முழுவதும் கைநூலில் 'மிடி' என்ற சொல் வரும் பக்கங்களைத் தேடி, பக்கத்தில் இருந்த எண்களைக் குறித்து, ஒவ்வொன்றையும் மாற்ற முன் பழைய நிலையைக் கொப்பியில் எழுதினேன். பதிந்த பாட்டை வெளியே அனுப்புவதற்கென்று தனியாக ஓர் இடம் இருந்தது. அது மூடிக் கிடந்தது. மூன்றாம் நாள் காலை அதைத் திறந்தேன். திரையில் யேசுராசனின் விரல்கள் கோடுகோடாக ஓடத் தொடங்கின. அது பத்திரமான பிறகு அடப்டரைக் கழற்றிவிட்டு, பற்றரியில் மிஞ்சியிருந்த உயிரில் இரைச்சல் இல்லாமல் மீண்டும் சத்தத்தைப் பிடித்தேன்.

அப்போதுதான் கண்டேன். நினைவில் ஐந்து இடங்கள். ஐந்தாவதும் நிரம்பியிருந்தது.

"நாலுதானே எண்டனீர்?"

"நாலுதான்." அவர் எழுந்து வந்தார். "அஞ்சாவது எப்பிடி வந்தது?"

போட்டேன். ஒரே கட்டை. மெதுவாக, பிறகு சற்றுப் பலமாக, பிறகு இன்னும் பலமாக. பத்துப் பன்னிரண்டு முறை. பிறகு அக்கம்பக்கத்துக் கட்டைகள். பிறகு ஒரு பாட்டின் முதல் இரண்டு அடிகள். மூன்றாவது அடியின் நடுவில் நின்றுவிட்டது.

எனக்கு உடனே விளங்கியது. ஈயம் வைத்த கட்டையைச் சோதித்திருக்கிறார். நாங்களும் அப்படித்தான் சோதிப்போம். அதை உற்சாகமாகச் சொன்னேன். றெஜினா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தக் கொட்டிலுக்குள்ள ஒண்டும் பதிபடேல்லையே?" என்றார். இல்லை என்றேன். சத்தத்தை ஒரு சீடியிலும் விரல்களை ஒரு ஃபிளொப்பியிலும் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு கிழமை கழித்து இரண்டு பேர் அவருடைய வீட்டுக்குப் போய்க் கணவரின் படத்தைக் கேட்டார்கள். ஏதோ எழுதிக்கொண்டு போனார்கள். யார் அனுப்பியது, எதற்கு என்று எனக்குத் தெரியாது. மறுநாள் றெஜினா கடைக்கு வந்தார். இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"உங்கட கொம்பியூட்டரில கிடக்கிறதை அழியுங்கோ. எனக்கு முன்னால அழியுங்கோ."

"தங்கச்சி, நான் ஆருக்கும்..."

"அழியுங்கோ அண்ணை."

ஒவ்வொன்றாக அழித்தேன். கணினியின் குப்பைத் தொட்டியில் கிடப்பதையும் அழிக்கச் சொன்னார். அதையும் செய்தேன். பிறகு அவரை நான் சந்தையிலோ பேருந்திலோ கண்டால் அவர் வேறு பக்கம் பார்ப்பார். எனக்கும் கோபம் இருந்தது. நான் என்ன பிழை செய்தேன் என்று மனதுக்குள் வாதாடுவேன். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னவன் நான்தான்.

இரண்டாயிரத்து ஒன்பதின் கடைசியில், சண்டையெல்லாம் ஓய்ந்தபிறகு, ஒரு காலை அவர் கீபோட்டோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு பிஸ்கற் தகரப்பெட்டி. அதற்குள் சீடியும் ஃபிளொப்பியும் இருந்தன. பயத்தில் வளவுக்குள் புதைத்து வைத்திருந்திருக்கிறார். சீடியின் வெள்ளிப் பூச்சு செதில்செதிலாகக் கழன்றிருந்தது. கீபோட்டின் பற்றரி எப்போதோ இறந்துவிட்டது.

"நீங்கள் அந்தப் பாட்டுகளை ஒரு கொப்பி எடுத்து எங்கேயாவது ஒளிச்சு வைச்சிருப்பியள் எண்டு நினைச்சன்" என்றார்.

"நீர் அழிக்கச் சொன்னனீர். அழிச்சுப்போட்டன்."

தலையை ஆட்டினார். அந்த நம்பிக்கையில்தான் வந்திருந்தார் என்பது அப்போது எனக்கு உறைத்தது.

சீடியிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஃபிளொப்பியைத் துடைத்து, வேறு உறைக்கு மாற்றி, இரண்டு நாள் போராடினேன். நான்கு பாட்டுகளும் இடையிடையே கெட்டுப் போயிருந்தன. மிகச் சிறியது கெட்ட இடங்களுக்குத் தப்பியிருந்தது. ஐந்தாவது.

மூன்றாம் நாள் அவர் வந்தபோது, கணினியின் 'அவுட்'டைக் கீபோட்டின் 'இன்'னில் குத்தி அதைப் போட்டேன். கட்டைகள் அசையவில்லை. ஆனால் கீபோட் தன் சொந்தக் குரலில் வாசித்தது. அந்த ஒரே கட்டை, மெதுவாக, பலமாக. பிறகு இரண்டு அடிகள். மூன்றாவது அடி நடுவில் நின்றது.

"இதிலதான் நான் குசினிக்குள்ள இருந்து கூப்பிட்டனான்" என்றார் றெஜினா. "'சோறு ஆறுது, வாங்கோ' எண்டு. 'வாறன்' எண்டு சொல்லிப்போட்டு நிப்பாட்டினவர். அண்டைக்கு இஞ்ச கேக்கேக்கையே எனக்குத் தெரியும் அண்ணை. உங்களுக்குச் சொல்ல மனம் வரேல்லை."

நான் திரையில் கோடு முடிந்த இடத்தைப் பார்த்தேன்.

"இன்னொருக்கால் போடுங்கோ."

போட்டேன். மூன்று முறை கேட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, புதிய சீடி இரண்டில் பதியச் சொன்னார். ஒன்றைத் தன் பைக்குள் வைத்தார். மற்றதை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார்.

"இது உங்களிட்டக் கிடக்கட்டும்" என்றார்.